மண்ணுக்கு ஆவி பிடித்தவர்கள்

ரெஜினோல்டுக்கு நாற்பத்தாறு வயது ஆகும்வரை எந்த அலுவலகமும் கடிதம் போட்டதில்லை. வந்த முதல் கடிதம், அவருடைய ஆவியை உடனடியாக நிறுத்தும்படி சொன்னது.

அவர் மனைவி சரோன் அதை வாசலில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள். "தங்களது ஆவி உரிய அனுமதியின்றி வெளியேறி வருவதாக எமது சபையின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. மறு அறிவித்தல் வரை அதனை அடக்கி வைக்குமாறு இத்தால் பணிக்கப்படுகிறீர்கள்."

"என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்றாள்.

"இல்லையே."

"அப்ப இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெஜினோல்ட் கடிதத்தை வாங்கி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். தேசிய மண் தூய்மை அதிகார சபை, கொழும்பு. அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. சபை சொல்வது அவருடைய உயிரை அல்ல, நர்சரியில் இருக்கும் தார் பீப்பாக்கள் விடும் நீராவியை.

றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் பாதையின் முடிவில் இருக்கிறது பாறைத்தோட்டம். அதன் தேயிலை நர்சரிக்கு ரெஜினோல்ட் கங்காணி. அவருக்குக் கீழே ஆறு பெண்கள். போன வருசம் அவர்கள் வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் மஞ்சளாகிச் செத்துப்போயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. நூலைவிட மெலிசான புழு மண்ணுக்குள் குடியிருந்தது. புழு தின்று மிச்சம் வைத்ததைக் கோரையும் குப்பைமேனியும் நெருக்கிக் கொன்றன.

தை மாதம் சபையின் இரத்தினபுரிக் கிளையிலிருந்து யும்னா என்ற இளம் உத்தியோகத்தர் வந்தாள். வந்தவள் பைல் எதையும் திறக்கவில்லை. பழைய தார் பீப்பா இருக்கிறதா என்று கேட்டாள். அதன் அடியில் தண்ணீர் ஊற்றி, கறுவாப்பட்டை மரத்து இலையை அள்ளிப் போட்டு, நடுவில் ஓட்டை போட்ட தகரத்தட்டு ஒன்றை வைக்கச் சொன்னாள். மண்ணில் கடுகுப் புண்ணாக்குத் தூளைக் கலந்து தட்டின் மேல் நிரப்பி, சாக்கால் மூடி அடுப்பை மூட்டினார்கள்.

"சளி பிடிச்சா நாம ஆவி பிடிக்கிறோமில்லையா, அது மாதிரிதான்" என்றாள் யும்னா. "சூட்டுல களை விதையும் புழுவும் சாகும். வெறும் ஆவியில தப்பிக்கிறத கறுவா எண்ணெயும் கடுகோட காரமும் பாத்துக்கும்."

அரை மணித்தியாலம் அவித்த மண்ணில் ஆறு கிழமை கழித்துப் பார்த்தார்கள். ஒரு புல் இல்லை. சோதனைக்கு வைத்த கன்றுகளின் வேர் வெள்ளை நூலாக இறங்கியிருந்தது. ஆறு பேரில் மூத்தவளான மூக்காயி ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது வருசமாகக் களை பிடுங்கியவள் அவள்.

யும்னா சந்தோசத்தில் தலைமையகத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

அதற்குள் நர்சரியில் பீப்பாவும் அடுப்பும் பத்தாகியிருந்தன. கடிதம் வந்தபோது நர்சரி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அவிக்காமல் கிடந்தது. தாய்ச்செடிகளில் கன்றுக்கு நடும் தண்டு முற்றி வெட்டுக்கு நின்றது. ஜூன் முதலாம் திகதிக்குள் பைகளில் சுத்தமான மண் இல்லாவிட்டால் நர்சரியை மூடிவிட்டுக் கன்றை வெளியில் வாங்குவதாகத் தோட்டத் துரை சொல்லிவிட்டார். ஆறு பெண்களுக்கும் பக்கத்து மலை இறப்பர் டிவிசனில் வேலைக்குப் பேர் விழும். நடந்து போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். மூக்காயியின் முழங்கால் அதில் பாதித் தூரம்கூடப் போகாது. ரெஜினோல்டுக்கு அதுதான் உறுத்தல்.

அடுத்த கிழமை சபையின் பணிப்பாளரே வந்தார். கூட உதவிப் பணிப்பாளர். பணிப்பாளர் பீப்பாவை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு நாற்காலி கேட்டார். நாற்காலி வந்ததும் அதில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, ஆவி என்பது ஒரு தேசிய வளம். அதைத் தார் பீப்பாவிலிருந்து வெளியேற்றுவது முறையா? எமது சபையில் நூற்று எண்பது பேர் கடமையாற்றுகிறோம். மண்ணைச் சுத்தம் செய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பதினொரு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறோம். அதை ஆறு பெண்கள் அரை மணித்தியாலத்தில் செய்து முடித்தால், நாங்கள் எதை ஆராய்வது?"

நியாயமான கேள்வியாகத்தான் ரெஜினோல்டுக்குப் பட்டது.

உதவிப் பணிப்பாளர் ஆய்வுகூடத்துக்கு மாதிரி வேண்டும் என்றார். மண் மாதிரியா என்று யும்னா கேட்டாள்.

"மண் எங்களிடம் இருக்கிறது. ஆவி மாதிரி."

பீப்பா வாயில் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். உள்ளே புகை மாதிரி நிறைந்ததும் தக்கையை இறுக்கி, அரக்கு வைத்து, நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. போத்தலில் தேக்கரண்டி அளவு தண்ணீர் மட்டுமே காணப்படுவதாகவும், கையளிக்கப்பட்ட ஆவிக்கு றக்வானைக்கும் கொழும்புக்கும் இடையில் என்ன நேர்ந்தது என்பதற்கு ரெஜினோல்ட் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. "பஸ்ஸில் குளிர்ந்திருக்கும்" என்று அவர் எழுதிப் போட்டார். பஸ்ஸின் இலக்கம் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் சபை நிரப்பச் சொன்ன படிவத்தில் இருந்தது. சிகிச்சைக்கு முன் இருந்த களைகளின் எண்ணிக்கை என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"எத்தனை களை இருந்தது?" என்று கேட்டார் உதவிப் பணிப்பாளர்.

"எண்ணலீங்க சேர். பிடுங்கினோம்."

"எண்ணாமல் பிடுங்கினீர்களா?"

அவர் முகத்தைப் பார்த்தால் ரெஜினோல்ட் யாரையோ கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. சபை கூடி ஆராய்ந்து முடிவு எடுத்தது. சுத்தமான பாத்தி ஒன்றில் களையைத் திரும்ப வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை மிச்ச மண்ணுக்கு ஆவி காட்டக் கூடாது.

"களைய வளக்கச் சொல்றாங்களா?" என்றாள் இருளாயி. ஆறு பேரில் வாய் பெரியவள் அவள்.

"ஆமா."

"உரம் போடணுமா?"

"அதையும் கேட்டு எழுதியிருக்கேன்."

உரம் போடலாம் என்று பதில் வந்தது. ரெஜினோல்ட் பாதை ஓரத்திலிருந்து கோரைக் கிழங்கும் தொட்டாச்சிணுங்கியும் கொண்டுவந்து வரிசை பிடித்து நட்டார். காலையும் மாலையும் தண்ணீர் காட்டினார்கள். இரண்டு கிழமையில் பாத்தி திமுதிமுவென்று எழும்பியது. தொழிலாளர் லயத்து ஆடு ஒன்று புகுந்து ஒரு மூலையைத் தின்றுவிட, ஆட்டின் உரிமையாளர் யார், அது எத்தனை களை தின்றது என்று விசாரணை வந்தது. அதன்பிறகு பாத்தியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். தேயிலைக் கன்றுக்கு அந்த நர்சரியில் ஒருநாளும் வேலி இருந்ததில்லை.

மூக்காயியின் பாடுதான் திண்டாட்டம். பாத்தியைத் தாண்டும்போதெல்லாம் அவள் கை தன்பாட்டில் கீழே போகும். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியுமுன் ஒரு கோரை வேரோடு விரலில் தொங்கும். மூன்றாம் முறை உதவிப் பணிப்பாளர் நேரில் கண்டு, அரச களைக்குச் சேதம் விளைவித்ததாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு நடந்தாள். பார்க்க இன்ஸ்பெக்டர் மாதிரி இருந்தது.

"பொழச்சுப்போகட்டும்னு விடுறேன்" என்று களையைப் பார்த்துச் சொன்னாள்.

மே மாதம் பாதி போயும் களை எண்ணி முடிந்தபாடில்லை. பிற்பகலில் மேகம் இறங்கத் தொடங்கியது. ரெஜினோல்ட் தாய்ச்செடிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். யும்னா இரண்டு முறை கொழும்புக்குப் போய் வந்தாள். இரண்டு முறையும் அவளுடைய அறிக்கையின் நீளம் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் மெசின் வந்தது.

வெளிநாட்டு மெசின். வெளிர் பச்சை நிறம், இரண்டு லொறி நீளம், ஒன்பது தொன் எடை. மண்ணின் மேல் நகர்ந்து போய், ஆவியையும் இயற்கை எண்ணெய்களையும் தானே கலந்து அடிக்குமாம். நர்சரிக்குக் கீழே பாதை வளையும் பெரிய முடக்கு வரைக்கும் நன்றாக வந்தது. முடக்கில் திரும்பவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக ஒரு பகல் முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்தினார்கள்.

பணிப்பாளர் கலங்கவில்லை. "மெசின் மண்ணிடம் போக முடியாவிட்டால் மண் மெசினிடம் வரட்டும்" என்று தொலைபேசியில் உத்தரவிட்டார்.

ரெஜினோல்ட் இருபது சாக்கு மண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். முடக்குக்கு நானூறு யார் தூரம் இருக்கையில் பொலிஸ் ஜீப் மறித்தது. மாணிக்கக் கல் கிடைக்கும் ஜில்லாவில், சாக்கில் மண் கட்டி லொறியில் ஏற்றுகிறவன் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை.

"என்ன மண்?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட்.

"புழு மண்ணு சேர்" என்று ரெஜினோல்டும் சிங்களத்தில் சொன்னார். "ஆவி புடிக்கக் கொண்டுபோறோம்."

சார்ஜன்ட் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இருபது சாக்கும் ஓடைக்கரையில் இறங்கியது. கூடை கொண்டுவந்து மண்ணை அரிக்கத் தொடங்கினார்கள். முக்கால் மணித்தியாலத்தில் அங்கே அறுபது பேர் நின்றார்கள். வடைக்காரர் ஒருவர் கடை போட்டார். றக்வானையிலிருந்து ஆஸிக் என்ற கல் வியாபாரியை வரவழைத்தார்கள். அவர் கண்ணில் கண்ணாடியைச் செருகி, சாக்குச் சாக்காகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்லு ஒண்டும் இல்ல. ஆனா ஓர்கிட் வெக்கிறதுக்கு நல்ல மண்ணு" என்றார். போகும்போது ஒரு வாளி கேட்டு எடுத்துக்கொண்டும் போனார்.

சாக்குகளில் மிஞ்சியது ஓடையோடு போனது. ரெஜினோல்ட் வெறும் லொறியில் திரும்பி வந்து பணிப்பாளருக்குப் போன் எடுத்தார். மெசினுக்குக் கொண்டுபோன மண் இல்லாமல் போனது என்றார்.

"திறப்பு விழாவுக்கு மண் எதற்கு?" என்றார் பணிப்பாளர்.

விழா மே இருபத்தேழாம் திகதி என்று முடிவானது. இருநூறு விருந்தினர். மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் பாரம்பரிய முறைப்படி பரிமாற வேண்டும் என்று சபை கேட்டது. அவ்வளவு கிழங்கை அவிக்க அடுப்பு நர்சரியில்தான் இருந்தது. துரை கைப்பட எழுதிக் கொடுத்தார்: விருந்தினருக்காக அவிப்பதற்கு எல்லாப் பீப்பாக்களையும் பாவிக்கவும்.

இருளாயி அந்தத் துண்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"எல்லாப் பீப்பாவையும்னா எத்தனைங்க?"

"பத்து."

"கெழங்குக்கு எத்தனை போதும்?"

"மூணு" என்றார் ரெஜினோல்ட். சொல்லிவிட்டு அவிக்காமல் கிடந்த மண் குவியலைப் பார்த்தார். ஆறு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யும்னா வேலியோரம் நின்று எதையோ தீவிரமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல" என்றாள். "அடுக்கும்போது புண்ணாக்கக் கொறச்சிறாதீங்க."

விழா நாள் விடியலிலேயே பத்து அடுப்பும் எரிந்தது. மூன்றில் கிழங்கு. ஏழில் நர்சரியில் அவிக்காமல் கிடந்த மண். ஏழு மணியிலிருந்து பீப்பா இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. எட்டரைக்கு உதவிப் பணிப்பாளர் சாப்பாட்டுப் பரிசோதனைக்கு மேலே ஏறி வந்தார். வந்தவர் நேரே நான்காம் பீப்பாவின் சாக்கைத் தூக்கினார்.

உள்ளே கறுப்பு மண் ஆவி பறக்க இருந்தது.

"இது என்ன?"

மூக்காயி, பின்னால் கோர்த்த கையை எடுக்காமலே, "கெழங்குங்க சேர்" என்றாள்.

"மண்ணாக இருக்கிறதே."

"கெழங்கு அடியில இருக்குங்க. மண்ணோட அவிச்சாத்தான் ருசி எறங்கும். கறுவா எலையும் கடுகும் போட்டிருக்கு."

உதவிப் பணிப்பாளர் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் இளகியது. சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, "பாரம்பரிய முறை" என்று எழுதி அடிக்கோடு போட்டார். ரெஜினோல்ட் தொழிலாளர் பிரதிநிதியாக மேடையில் நிற்க வேண்டும் என்று சொல்லி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்கினார்.

முடக்கில் பந்தல் போட்டிருந்தது. மெசினுக்கு மாலை. மேலே பெரிய பதாகை: சப்ரகமுவ கலை ஒழிப்புத் தேசிய விழா. நடனமாட வந்திருந்த பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் அதை வாசித்துவிட்டு, மேடைக்கு ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஓரமாக நின்றார்கள்.

"சேர், அது களை. ள வரணும்" என்று ரெஜினோல்ட் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஓசைக்கு மூன்று எழுத்து இருப்பதாகத் தமிழ்ப் பிரிவு அறிவித்தது" என்றார் உதவிப் பணிப்பாளர். "கமிட்டி கூடி ஒன்றைத் தெரிவு செய்தது."

சுப நேரம் பத்து இருபத்தெட்டு. அதுவரை பணிப்பாளர் பேசினார்.

"இந்த மெசினை வாங்குவதற்காக நாங்கள் நான்கு நாடுகளுக்குப் பயணம் செய்தோம். இரண்டு நாடுகளில் மெசின் இருக்கவில்லை. ஆயினும் அங்கும் சென்றோம், ஏனெனில் இல்லாத இடத்தில்தான் தேவை புரியும். சிலர் கேட்கிறார்கள், பீப்பா போதாதா என்று. பீப்பாவுக்குத் திறப்பு விழா வைக்க முடியுமா? அமைச்சுக்கு அதன் புகைப்படத்தை அனுப்ப முடியுமா? விஞ்ஞானம் என்பது மக்களுக்கு விளங்கிவிட்டால், பிறகு மக்களுக்கு எங்கள் மீது என்ன மரியாதை இருக்கும்?"

கைதட்டல் எழுந்தது. மணி வந்தது. பணிப்பாளர் சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

மெசின் பேசாமல் இருந்தது. மறுபடி அமுக்கினார். உதவிப் பணிப்பாளர் அவர் காதோடு, தண்ணீர் ஊற்றவில்லை, ஓடைத் தண்ணீர் எடுக்கும் அனுமதி இன்னும் வரவில்லை என்று சொன்னது பக்கத்தில் நின்ற ரெஜினோல்டுக்குக் கேட்டது. இருநூறு பேரும் மெசினைப் பார்த்தார்கள். பிள்ளைகளில் ஒன்று தும்மியது.

அப்போது மேலேயிருந்து வந்தது.

ஏழு பீப்பாவையும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். நர்சரிக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் எழும்பி, மலைச்சரிவில் உருண்டு, பந்தலைப் பார்த்து இறங்கியது. கறுவா வாசம் முதலில் வந்தது. பின்னால் கடுகுக் காரம் வந்து எல்லார் கண்ணையும் நனைத்தது. இனி ஆறு பேருக்கும் வேலை போச்சு, தனக்கும் போச்சு என்று நினைத்து, ரெஜினோல்ட் மேடையில் தன் பக்கத்தில் நின்ற யும்னாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணிப்பாளர் மேகத்தைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். மறுபடி மேகத்தைப் பார்த்தார். பதினொரு வருசம் ஒரு சபையை நடத்தியவருக்கு இந்த இடத்தில் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"நண்பர்களே" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "இங்கே அமுக்கினோம். அங்கே ஆவி வந்தது."

கூட்டம் எழும்பி நின்று கைதட்டியது. துரையும் தட்டினார். பொலிஸ் சார்ஜன்ட்கூடத் தட்டினார். மெசின் மலை ஏறாதது கோளாறு அல்ல, அதுவே அதன் சிறப்பம்சம், தொலைவிலிருந்து வேலை செய்வதற்காகவே அது முடக்கில் நிறுத்தப்பட்டது என்று பணிப்பாளர் இன்னும் இருபது நிமிடம் விளக்கினார். எல்லாரும் கிழங்கு சாப்பிட்டார்கள். மண்ணில் அவித்ததாம் என்று உதவிப் பணிப்பாளர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, அவர் மட்டும் மூன்று முறை வாங்கினார்.

இருபத்தொன்பதாம் திகதி மண் ஆறிப் பைகளில் நிரம்பியது. முப்பதாம் திகதி ஆறு பெண்களும் தாய்ச்செடியில் தண்டு வெட்டி நட்டார்கள். முப்பத்தோராம் திகதி மழை பிடித்தது. இறப்பர் டிவிசனுக்குப் பேர் எழுதிய தாளைத் துரை கிழித்துப் போட்டதை ரெஜினோல்ட் ஒப்பீசு ஜன்னல் வழியாகக் கண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவரை இரத்தினபுரிக் கிளைக்கு அழைத்தார்கள். யும்னாவின் இரண்டு பக்கம் இப்போது நூற்று நாற்பது பக்கமாகியிருந்தது. அவளுடைய பேர் நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், சிற்றுண்டி ஏற்பாட்டுக்கு நன்றி என்ற தலைப்பின் கீழ் இருந்தது. சாட்சி வாக்குமூலத்தில் ரெஜினோல்ட் ஒப்பமிட வேண்டும். "பட்டன் அமுக்கப்பட்டதும் நர்சரியிலிருந்து ஆவி எழுந்ததை நான் கண்ணால் கண்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ், ஒங்க வேலைய அவங்க பேருல எழுதிக்கிட்டாங்களே. நான் இதுல கையெழுத்து வைக்கிறதா?"

"அமுக்கினத கண்டீங்களா?"

"கண்டேன்."

"ஆவி வந்தத கண்டீங்களா?"

"கண்டேன்."

"அப்ப வைங்க" என்றாள் யும்னா. "புதுக் கன்னு வேர் எப்படி இருக்கு?"

"வெள்ள வெளேர்னு இருக்கு மிஸ்."

ரெஜினோல்ட் கையெழுத்து வைத்தார்.

அந்த அறிக்கை கொழும்பில் பெரிய வரவேற்பைப் பெற்றது. இன்னும் எட்டுத் தோட்டங்களுக்கு மெசின் வாங்கத் தீர்மானித்தார்கள். மெசின் வர இரண்டு வருசம் ஆகும். ஆனால் பயிற்சியைத் தாமதிக்கக் கூடாது என்பதால், சம்பவத்தை நேரில் கண்ட ஒரே தொழிலாளி என்ற தகுதியில் ரெஜினோல்டைத் தேசிய பட்டன் பயிற்றுநராக நியமித்தார்கள். மாதத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு தோட்டமாகப் போய், பட்டன் அமுக்கும் முறையைக் கற்பிக்க வேண்டும். பட்டன் அமுக்கும்போது மலையில் ஆவி வருவதற்கான ஆயத்தங்களையும் அவரே செய்துகொள்ளலாம் என்று நியமனக் கடிதத்தின் கடைசி வரி சொன்னது. அந்த வரியை இரத்தினபுரிக் கிளையில் தட்டச்சு செய்தது யார் என்று அவர் விசாரிக்கவில்லை.

முதல் பயணத்துக்குப் பெல்மதுளையில் பஸ் மாறினார். தோளில் ஒரு பை, அதற்குள் கடுகுப் புண்ணாக்கு. கக்கத்தில் இரண்டு அடி அகலத்துக்கு, நூறு ஓட்டை போட்ட வட்டத் தகரத்தட்டு. பஸ்ஸில் கூட்டம். தட்டு பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்தது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து அதைத் தட்டிப் பார்த்தான்.

"இது என்ன அண்ணே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"பட்டன்" என்றார் ரெஜினோல்ட்.